காரின் கம்ப்யூட்டரோடு பேசலாம்: பி0401 என்ற பிழைக்குறி

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலருக்கும் இந்த அனுபவம் ஏற்பட்டிருக்கும். ஆன் செய்தவுடன் கறுப்புத் திரையில் "கீபோர்டு எர்ரர்" என்று ஒரு வரி வரும். கம்ப்யூட்டர் அதற்கு மேல் நகராது. பதறிப் போய்ப் புதிய கீபோர்டு வாங்கி வந்தவர்கள் உண்டு. பெட்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்தால் கேபிள் கழன்று தொங்கிக்கொண்டிருக்கும். கீபோர்டு கெட்டுவிட்டது என்று திரை சொல்லவில்லை. கீபோர்டிடமிருந்து பதில் வரவில்லை என்றுதான் சொன்னது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கீபோர்டின் விலை இருக்கிறது.

காரில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிய தொகையாக இருக்கும். என் மைத்துனரின் டீசல் காரில் டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒரு சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் செய்து, "இ.ஜி.ஆர். கோளாறு, வால்வு மாற்ற வேண்டும், 22,000 ரூபாய் ஆகும்" என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தாளின் மூலையில் பி0401 என்ற குறி இருந்தது. "அத்தான், நீங்கதான் கம்ப்யூட்டர்ல எல்லாம் பாப்பீங்களே, இது என்னன்னு பாருங்களேன்" என்று அவர் வந்து நின்றார். அன்று செய்ததைத்தான் இந்த மாதப் பாடமாகத் தருகிறேன். உங்களிடம் ஒரு லேப்டாப்பும், விலை குறைந்த ஒரு சிறு கருவியும் இருந்தால் நீங்களும் செய்யலாம்.

காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்

இன்றைய காரின் இன்ஜினை ஒரு கம்ப்யூட்டர்தான் நடத்துகிறது. இதை இ.சி.யூ. என்பார்கள். மானிட்டரும் கீபோர்டும் இல்லாத கம்ப்யூட்டர் இது. பல சென்சார்கள் தரும் எண்களைப் படித்து, எவ்வளவு டீசல் தெளிக்க வேண்டும், எப்போது தெளிக்க வேண்டும் என்று நொடிக்குப் பல முறை முடிவு செய்கிறது. ஏதாவது ஓர் எண் தான் எதிர்பார்த்தபடி வராவிட்டால் ஒரு குறியை மெமரியில் எழுதி வைத்துவிட்டு விளக்கை எரிய விடும்.

இந்தக் குறிகளை எல்லா கார்களிலும் ஒரே மாதிரி படிக்க வழி செய்யும் ஏற்பாட்டின் பெயர் ஓ.பி.டி. 2. அமெரிக்காவில் 1996 மாடல் கார்கள் முதல் இது கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இல் வந்தது. இந்தியாவில் முதல் கட்டம் 2010 ஏப்ரலிலும், இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் வந்தன. எனவே உங்கள் கார் 2013க்குப் பிறகு வந்ததென்றால் பெரும்பாலும் கவலை வேண்டாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில், 16 பின்கள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். சில கார்களில் சிறிய மூடி போட்டு மறைத்திருப்பார்கள்.

இந்த சாக்கெட்டில் செருகும் கருவிக்குக் கடைகளில் ஈ.எல்.எம். 327 என்று பெயர். இதன் சிப்பை உருவாக்கியது எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் என்ற கனடா நாட்டு நிறுவனம். முதல் பதிப்பை காப்பி எடுக்க முடியாதபடி பூட்டாமல் விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான், உலகம் முழுக்க நகல்கள் வந்துவிட்டன. அந்த நிறுவனமும் 2022இல் மூடப்பட்டுவிட்டது. இன்று நீங்கள் வாங்குவது அநேகமாக நகலாகவே இருக்கும். இன்னொரு வேடிக்கை, கருவிகள் பலவும் தங்களை "பதிப்பு 1.5" என்று சொல்லிக்கொள்ளும். அசல் நிறுவனம் அப்படி ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை! நகலாக இருந்தாலும் நாம் செய்யப்போகும் சின்ன வேலைகளுக்குப் பெரும்பாலும் போதும். லேப்டாப்புக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கும் புளூடூத் வகையை வாங்குங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் வைஃபை வகை, அல்லது ஐபோனில் இயங்கும் என்று குறிப்பிட்டு விற்கும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

லேப்டாப்பில் இணைப்பது

காரைத் திறந்த இடத்தில் நிறுத்துங்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விடவே கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். கருவியை சாக்கெட்டில் செருகி, சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள். இன்ஜினை இப்போது ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ் சென்று, புளூடூத் அண்ட் டிவைசஸ் பகுதியில் ஆட் டிவைஸ் கிளிக் செய்யுங்கள். பட்டியலில் ஓ.பி.டி. என்ற பெயரில் கருவி தோன்றும். பின் நம்பர் கேட்டால் 1234 என்று கொடுங்கள். கருவியே தெரியவில்லையா? அதே பக்கத்தில் கீழே புளூடூத் டிவைசஸ் டிஸ்கவரி என்ற இடத்தில் டீஃபால்ட் என்றிருப்பதை அட்வான்ஸ்டு என்று மாற்றிவிட்டு மீண்டும் தேடுங்கள். இணைந்த பிறகு மோர் புளூடூத் செட்டிங்ஸ் திறந்து, காம் போர்ட்ஸ் என்ற டேபில் பாருங்கள். அவுட்கோயிங் என்ற வரிக்கு நேராக காம் 5 என்பது போல் ஓர் எண் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி காரோடு பேச ஒரு டெர்மினல் புரோகிராம் வேண்டும். முன்பு விண்டோஸிலேயே ஹைப்பர் டெர்மினல் இருந்தது. விஸ்டாவில் அதை எடுத்துவிட்டார்கள். புட்டி என்ற இலவச புரோகிராமை டவுன்லோட் செய்து கொள்ளுங்கள். அதில் சீரியல் என்பதைத் தேர்வு செய்து, காம் எண்ணைக் கொடுத்து, ஸ்பீடு 38400 என்று வைத்து ஓப்பன் கிளிக் செய்யவும். வெறும் கறுப்புத் திரை வரும். பயப்பட வேண்டாம், அதுதான் வர வேண்டும்.

போனில் அழகான அப்ளிகேஷன்கள் இருக்கும்போது இந்தக் கறுப்புத் திரை எதற்கு என்று கேட்பீர்கள். அப்ளிகேஷன் பல சமயம் குறியோடு நிறுத்தாமல் "வால்வு பழுது" என்று தன் ஊகத்தையும் சேர்த்துச் சொல்லிவிடும். கார் உண்மையில் என்ன சொன்னது என்பதை ஒரு முறையாவது நேரில் பார்த்துவிடுவது நல்லது.

இப்போது டைப் செய்யுங்கள். (இங்கே தமிழில் தருகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்துக்களில் இடைவெளி இல்லாமல் அடிக்க வேண்டும்.) முதலில் "ஏடிஇசட்" அடித்து என்டர் தட்டினால் கருவி தன் பெயரைச் சொல்லும். அடுத்து "ஏடிஎல்1". இதைக் கொடுக்காவிட்டால் பதில்கள் ஒரே வரியில் ஒன்றன்மேல் ஒன்றாக விழலாம். பிறகு "ஏடிஎஸ்பி0". காரின் மொழியை நீயே கண்டுபிடித்துக்கொள் என்று இதற்குப் பொருள். அதன் பின் 0100 என்று அடித்தால் சற்று நேரம் தேடிவிட்டு 41 00 என்று தொடங்கும் ஒரு வரி வரும். வந்துவிட்டதா? உங்கள் லேப்டாப்பும் காரும் பேசத் தொடங்கிவிட்டன. வரவில்லை என்றால் சாவி ஆன் நிலையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

குறியைக் கேட்பது

இப்போது 03 என்று அடியுங்கள். "மெமரியில் உள்ள பிழைக்குறிகளைச் சொல்" என்பது இதன் பொருள். எங்களுக்கு வந்த பதில் இது:

43 01 04 01

இவை ஹெக்ஸாடெசிமல் எண்கள். நாம் கேட்டது 03, கார் அதோடு 40ஐக் கூட்டி 43 என்று பதிலைத் தொடங்குகிறது. அடுத்த 01, ஒரே ஒரு குறிதான் இருக்கிறது என்று சொல்கிறது. மீதி 04 01 தான் குறி. இதன் முதல் இலக்கம் 0 என்பதால் இது பவர்டிரெய்ன், அதாவது இன்ஜின் சம்பந்தப்பட்டது. அந்தச் சொல்லின் முதல் எழுத்தைச் சேர்த்து பி0401 என்று எழுதுகிறோம். பழைய கார்களில் குறிகளின் எண்ணிக்கை வராது, 43 04 01 00 00 00 00 என்று நீளமாக வரும்.

இந்தக் குறியில் பி-க்கு அடுத்த 0, எல்லா கம்பெனிகளுக்கும் பொதுவான குறி என்பதைக் காட்டுகிறது. அங்கே 1 இருந்தால் அந்தக் கம்பெனிக்கே உரிய குறி. அடுத்த 4, புகை மாசைக் குறைக்கும் பாகங்களைச் சேர்ந்தது என்கிறது. பி0401க்கு ஓ.பி.டி. பட்டியலில் உள்ள அர்த்தம்: "இ.ஜி.ஆர். ஓட்டம் போதவில்லை". நன்றாகக் கவனியுங்கள். வால்வு என்ற சொல்லே அதில் இல்லை. வால்வின் மின் இணைப்பில் கோளாறு என்றால் பி0403 வரும். அளவுக்கு அதிகமாக ஓடினால் பி0402 வரும்.

விளக்கு எரிகிறது என்று உடனே 04 அடித்து அழித்துவிடாதீர்கள். அந்தக் கட்டளை குறியோடு சேர்த்து இன்னொரு தகவலையும் அழித்துவிடும். கோளாறு ஏற்பட்ட நொடியில் இன்ஜின் எந்த நிலையில் இருந்தது என்பதை கார் ஒரு புகைப்படம் போல் சேமித்து வைத்திருக்கும். 020500 என்று கேட்டோம். 42 05 00 78 என்று வந்தது. ஹெக்ஸ் 78 என்றால் 120. அதில் 40ஐக் கழித்தால் 80 டிகிரி செல்சியஸ், இது அப்போதைய கூலன்ட் வெப்பம். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகுதான் கோளாறு பதிவாகியிருக்கிறது. ஹெக்ஸ் கணக்கு வராதவர்கள் விண்டோஸ் கால்குலேட்டரில் புரோகிராமர் என்பதைத் தேர்வு செய்து கொள்ளலாம்.

இ.ஜி.ஆர். என்ன செய்கிறது?

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். சாதாரணமாக அது யாரோடும் சேராது. இன்ஜினுக்குள் கடும் வெப்பம் ஏற்படும்போது மட்டும் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாக மாறி நம் நுரையீரலுக்குக் கேடு செய்கிறது. இதைக் குறைக்க, வெளியே போகும் புகையில் ஒரு பங்கைத் திருப்பி, உள்ளே வரும் காற்றோடு கலக்கிறார்கள். ஏற்கெனவே எரிந்த புகை மீண்டும் எரியாது. அது நல்ல காற்றின் இடத்தை அடைத்துக்கொண்டு, வெப்பத்தையும் வாங்கிக்கொள்கிறது. எரியும் வெப்பம் குறைகிறது. இந்தப் பாதையைத் திறந்து மூடும் கதவுதான் இ.ஜி.ஆர். வால்வு.

கதவு திறந்ததும் புகை உண்மையிலேயே வருகிறதா என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? பல டீசல் கார்களில் புகையை அளக்கத் தனி சென்சார் கிடையாது. ஏர் ஃபில்டருக்கு அடுத்து மாஃப் என்ற சென்சார் இருக்கும். உள்ளே போகும் நல்ல காற்று நொடிக்கு எத்தனை கிராம் என்று அது அளக்கிறது. புகை உள்ளே வந்தால் அந்த அளவுக்கு நல்ல காற்று குறைய வேண்டும். குறையவில்லை என்றால் புகை வரவில்லை என்று கம்ப்யூட்டர் ஊகிக்கிறது. ஆம், ஊகம்தான். வால்வு கரி பிடித்து இறுகியிருக்கலாம். பாதை அடைத்திருக்கலாம். வால்வைத் திறக்கும் சக்தியே வந்து சேராமல் இருக்கலாம். காற்றை அளக்கும் மாஃப் சென்சாரே அழுக்கடைந்து பொய் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் ஒரே குறி, பி0401.

எங்கே அறுந்திருக்கிறது?

வீட்டில் இன்டர்நெட் வராதபோது என்ன செய்வோம்? எடுத்த எடுப்பில் லேப்டாப்பை மாற்ற மாட்டோம். மோடம் வரை போகிறதா, அதற்கு அப்பால் போகிறதா என்று பிங் செய்து ஒவ்வொரு கட்டமாகப் பார்ப்போம். இங்கேயும் அதேதான்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்து நன்றாகச் சூடாக விட்டோம். ஐடில் ஓட்டத்தில் 010சி என்று கேட்டோம். 41 0சி 0டி 48 என்று வந்தது. 0டி என்பது 13. 13 பெருக்கல் 256, கூட்டல் 72, ஆக 3400. அதை 4ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 850 சுற்று. சரியாகவே இருக்கிறது. அடுத்து 012சி, அதாவது "இ.ஜி.ஆர். வால்வை எவ்வளவு திறக்கச் சொல்லியிருக்கிறாய்?" பதில் 41 2சி 80. ஹெக்ஸ் 80 என்பது 128, மொத்தம் 255இல் இது ஏறக்குறைய 50 சதவீதம். (எல்லா கார்களும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. நோ டேட்டா என்று வந்தால் விட்டுவிடுங்கள்.) ஆக, பாதி திறக்கச் சொல்லி உத்தரவு போயிருக்கிறது.

இப்போது முக்கியமான கேள்வி. 0110 அடித்து மாஃப் என்ன சொல்கிறது என்று கேட்டோம். 41 10 03 98. கணக்குப் போட்டால் 920, அதை 100ஆல் வகுத்தால் நொடிக்கு 9.2 கிராம்.

இது சரியான எண்ணா? ஒரு சின்னக் கணக்குப் போடலாம். இந்த இன்ஜின் 1.3 லிட்டர். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை முழுக் கொள்ளளவு காற்றை இழுக்கும். 850 சுற்றில் 425 முறை, நிமிடத்துக்கு சுமார் 552 லிட்டர், நொடிக்கு 9.2 லிட்டர். நம் ஊர் வெயிலில் ஒரு லிட்டர் காற்று சுமார் 1.15 கிராம். எனவே 10.6 கிராம் வர வேண்டும். சிலிண்டர் எப்போதும் முழுவதும் நிரம்பாது, எட்டில் ஏழு பங்கு என்று வைத்தால் 9.3 கிராம். மாஃப் சொன்னது 9.2. இது புகையே கலக்காமல் முழுக்க நல்ல காற்று போனால் வரும் எண். உத்தரவு பாதி திறக்கச் சொல்கிறது, உள்ளே துளி புகையும் வரவில்லை. பி0401 சொன்னது உண்மைதான். மாஃப் சென்சாரும் பொய் சொல்வதாகத் தோன்றவில்லை.

மைத்துனரின் காரில் இருப்பது வேக்குவத்தால் இயங்கும் வால்வு. இன்ஜினில் உள்ள வேக்குவம் பம்பிலிருந்து ஒரு ரப்பர் ஹோஸ் சோலனாய்டு என்ற மின்சார வால்வுக்கு வருகிறது. கம்ப்யூட்டர் சோலனாய்டுக்கு உத்தரவிடும். அங்கிருந்து இன்னொரு ஹோஸ் வழியாக உறிஞ்சும் சக்தி இ.ஜி.ஆர். வால்வுக்குப் போய் அதைத் தூக்கும். எங்கள் தெரு வொர்க்‌ஷாப் மெக்கானிக்கிடம் கையால் இயக்கும் வேக்குவம் பம்ப் இருந்தது. அவரையும் அழைத்து வந்தோம். போனட்டுக்குள் கை விட வேண்டிய வேலை அவருடையது. ஃபேன் சுற்றும், புகைக் குழாய் தொட்டால் தோல் உரிந்துவிடும். நீங்களும் பழக்கப்பட்ட ஒருவரை வைத்துக்கொண்டே செய்யுங்கள்.

அவர் வால்வில் இருந்த ஹோஸைக் கழற்றிவிட்டு, கை பம்பைப் பொருத்தி நேரடியாக உறிஞ்சினார். இன்ஜின் சத்தம் சட்டென்று மந்தமானது. நான் மீண்டும் 0110 அடித்தேன். 41 10 02 12. அதாவது 5.3 கிராம்! கையை விட்டதும் மறுபடி 9.2.

இந்த ஒரு சோதனையில் நான்கு சந்தேகங்களில் மூன்று தீர்ந்துவிட்டன. வால்வு திறக்கிறது. பாதை அடைக்கவில்லை. மாஃப் ஒழுங்காக அளக்கிறது. 22,000 ரூபாய் கேட்ட அந்த வால்வில் கோளாறே இல்லை. வால்வு தூக்கியும் எண் குறையாமல் இருந்திருந்தால் பாதையில் கரி அடைத்திருக்கிறது என்று பொருள். கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். பம்பில் உறிஞ்சியது நிற்காமல் இறங்கியிருந்தால் வால்வின் ரப்பர் சவ்வு கிழிந்திருக்கும். அப்போது வால்வை மாற்றத்தான் வேண்டும், அந்த சர்வீஸ் சென்டர் சொன்னது சரியாகியிருக்கும்.

மீதி இருந்தது உறிஞ்சும் சக்தி வரும் வழி. கழற்றிய ஹோஸின் நுனியில் விரலை வைத்தார், ஒன்றும் இல்லை. சோலனாய்டின் வாயில் விரலை வைத்தார், நன்றாக இழுத்தது. அப்படியானால் இடையில் உள்ள ஹோஸ்தான். தடவிக்கொண்டே போனதில், ஒரு வளைவின் அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ரப்பர் வெப்பத்தில் காய்ந்து வெடித்திருந்தது. ஒரு முழத்துக்கும் குறைவான ஹோஸ். 60 ரூபாய். மீன் தொட்டிக்குப் போடும் டியூப் போதாதா என்றார் மைத்துனர். போதாது, இன்ஜின் சூட்டில் அது ஒரு வாரம் தாங்காது. ஆட்டோமொபைல் கடையில் வேக்குவம் ஹோஸ் என்று கேட்டு வாங்க வேண்டும்.

வால்வை மின் மோட்டாரே திறக்கும் கார்களில் இந்த ஹோஸ்கள் இருக்காது. அங்கே கை பம்ப் வேலைக்கு ஆகாது, வால்வுக்கு உத்தரவு அனுப்பக்கூடிய பெரிய ஸ்கேனர் வேண்டும். பெட்ரோல் கார்களில் அளக்கும் முறையும் மாறும். 1990களிலும் 2000களிலும் அமெரிக்காவில் ஓடிய பல ஃபோர்டு கார்களில், புகைக் குழாயின் இரண்டு இடங்களில் அழுத்த வித்தியாசத்தை அளக்கும் சிறிய சென்சார் ஒன்று இருந்தது. அடிக்கடி அந்த சென்சாரே கெட்டுப் போகும். வால்வு நன்றாக இருந்தும் இதே பி0401 வரும். அங்கேயும் நல்ல வால்வைக் கழற்றி எறிந்தவர்கள் ஏராளம்.

ஹோஸ் மாற்றிய பிறகு 0110 அடித்தோம். இப்போது உத்தரவு வரும்போதெல்லாம் எண் தானாகவே குறைந்தது. அதன் பிறகுதான், இன்ஜினை நிறுத்தி, சாவியை ஆன் நிலையில் வைத்து 04 அடித்துக் குறியை அழித்தேன். 44 என்று பதில் வந்தது, விளக்கு அணைந்தது. ஆனால் விளக்கு அணைந்ததை வைத்து முடிவு செய்யக்கூடாது. பல கோளாறுகள் அடுத்தடுத்து இரண்டு பயணங்களில் தென்பட்டால்தான் விளக்கு எரியும். முதல் முறை தென்பட்டதும் குறி "நிலுவை" என்ற பட்டியலில் காத்திருக்கும். அதைப் பார்க்க 07 என்று கேட்க வேண்டும். நான்கு நாள் ஓட்டிவிட்டு அவரை வரச் சொன்னேன். 03க்கு 43 00, 07க்கு 47 00. இரண்டு பட்டியலும் காலி.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். விற்பவர் முந்தைய நாள் குறியை அழித்துவிட்டு வந்திருந்தால் விளக்கு எரியாது. ஆனால் 04 அடிக்கும்போது கார் தன் பாகங்களைச் சோதித்து முடித்த பதிவுகளும் அழிந்துவிடும். போன் அப்ளிகேஷன்களில் ரெடினஸ் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். இ.ஜி.ஆர். உள்ளிட்ட பல வரிகளில் "சோதனை முடியவில்லை" என்று இருந்தால், சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி காட்டச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் கருவியை சாக்கெட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். சாவி இல்லாமலே அதற்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும், நாள் கணக்கில் விட்டால் பேட்டரி இறங்கிவிடும்.